ஓவிலாவின் இரண்டு கோடுகள்

கோல் வலையின் இரண்டு கம்பங்களையும் ஒருமுறை தொட்டுவிட்டு, ஓவிலா துர்கோட் வலது காலின் ஸ்கேட்டைச் சாய்த்து ஐஸில் கோடு கிழிக்கத் தொடங்குவார். இடது கம்பத்தின் அடியிலிருந்து முன்னோக்கி ஒரு முழம். பிறகு வலது கம்பத்தின் அடியிலிருந்து ஒரு முழம். கிழித்த பள்ளத்தில் காலை வைத்து அழுத்திப் பார்ப்பார். போதாது என்று பட்டால் மறுபடி கிழிப்பார். எதிரணியின் ஏழு பேரும் மட்டையோடு தயாராக நிற்க, நடுவர் ரப்பர் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, கூட்டத்தில் யாராவது பொறுமை இழந்து குரல் கொடுப்பார்கள்.

"ஏ ஓவிலா, உருளைக்கிழங்கா போடப்போற? உழுதது போதும்ப்பா."

அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். "என் வீட்டு வாசல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா" என்பார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எனக்குக் கேட்பதற்குக் காரணம், நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பவன். கின்கெய்டு ஊரில் எனக்கு இரண்டு வேலை. வாரம் முழுக்கச் சவரக்கடை. அதனால் ஊரார் என்னை அம்ப்ரோஸ் என்று அழைப்பதை எப்போதோ விட்டுவிட்டு, கத்திக்காரர் என்கிறார்கள். ஹாக்கி ஆட்ட நாளில் ஐஸ் கொட்டகையின் தெற்கு முனையில், வலைக்குப் பின்னால், கையில் மணியோடு நிற்கும் கோல் நடுவர். வட்டு கம்பங்களுக்கு நடுவே கோட்டைத் தாண்டினால் மணியடிக்க வேண்டும். தாண்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது எந்த ஆட்டக்காரனோடும் பேசமாட்டேன் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். பனியில் மணி பிடித்து நிற்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. என் முன்பல் ஒன்றை மட்டும் அந்த வேலை எடுத்துக்கொண்டது.

ஓவிலா குள்ளம், ஆனால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் அகலம். வயது இருபத்தொன்பது. கிரிக்கெட் ஆடுபவர்கள் கட்டுகிற கால்காப்பைத்தான் இவரும் கட்டுவார். கம்பளிச் சட்டைக்குள் மார்பின் குறுக்கே, விதை விற்கும் கம்பெனி ஒன்றின் பழைய விலைப்பட்டியலைத் திணித்துக்கொள்வார். மண்டைக்குக் கம்பளிக் குல்லாய். முகத்துக்கு ஒன்றும் கிடையாது. எந்த ஊர் கோலிக்கும், அதாவது கோல் காப்பவனுக்கும், கிடையாது. ஆட்டத்துக்கு முன் ஒரு முழு வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்துத் தின்பார். "இந்த வாசனைக்கு எவனும் மூக்கைக் கொண்டாந்து என் மேல இடிக்கமாட்டான்" என்பது அவர் கணக்கு.

வெங்காயம் நெடுநேரம் உள்ளே தங்காது. உடைமாற்றும் அறையில் அடுப்புக்குப் பின்னால் ஒரு கரி வாளி உண்டு. ஆட்டம் தொடங்கக் கால்மணி இருக்கும்போது ஓவிலா அதன் முன் குனிந்து மொத்தத்தையும் வாந்தி எடுப்பார். அணியில் யாரும் சிரிப்பதில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப சரி" என்பார். ஆறு வருடமாக ஒரு ஆட்டம்கூட இது தவறியதில்லை. பயம் இல்லாத ஆட்டக்காரர் என்று யாரையாவது பத்திரிகைகள் எழுதினால், அவருடைய கரி வாளியை நாம் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஒட்டாவா ஆற்றங்கரையில் மரக்கட்டைகளை ஆற்றோடு ஓட்டிக்கொண்டு போகும் வேலையில் தொடங்கியவர் அவர். பதினெட்டு வயதில் ஊர் அணிக்குக் கோலி. அப்போதெல்லாம் இந்த ஆட்டத்தைக் காசுக்கு ஆடினால் பாவம். ஒருநாள் ஜெயித்துவிட்டு வந்து பூட்ஸுக்குள் காலை விட்டபோது, உள்ளே பத்து டாலர் நோட்டு ஒன்று மடித்துக் கிடந்தது. யார் வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. வேறு ஊர்க்காரன் ஒருவன் கேட்டுவிட்டான். விசாரணை வைத்து, காசு வாங்காமல் ஆடும் அணிகள் எதிலும் இனி ஆயுளுக்கும் கால் வைக்கக்கூடாது என்று விலக்கிவிட்டார்கள். "திருடினவனுக்குக்கூட ஆறு மாசம்தான் கொடுப்பாங்க. எனக்கு ஆயுசு பூரா" என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு எல்லைக்கு அப்பால், செம்புச் சுரங்க ஊர்களில், பகிரங்கமாகச் சம்பளம் வாங்கி ஆடினார். அங்கிருந்துதான் எங்கள் வெள்ளிச் சுரங்க ஊருக்கு வந்தார். எங்கள் அணியின் மேனேஜர் பியர்ட்மோர் ரயிலடிக்கே போய் அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது.

கோலிக்கு ஒரு சட்டம் உண்டு. அவன் ஐஸில் படுக்கக்கூடாது, மண்டியிடக்கூடாது, உட்காரக்கூடாது. நின்றபடியேதான் தடுக்க வேண்டும். விழுந்து தடுத்தால் குற்றம், வெளியே போய் உட்கார வேண்டும். மற்ற கோலிகள் தவறி விழுந்த மாதிரி நடித்துத் தடுத்துவிட்டு, நடுவரைப் பார்த்து அப்பாவியாக விழிப்பார்கள். ஓவிலா ஒருமுறைகூட விழுந்ததில்லை. "படுக்கிறதுக்கு வீட்ல கட்டில் இருக்கு" என்பார். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

இந்த ஜனவரியில், பகையூரான டன்மோரில் நடந்த ஆட்டத்தில், ஒரு மட்டையின் பிடிநுனி அவர் இடது கண்ணில் ஏறியது. கண் கத்தரிக்காயாக வீங்கி ஒரு வாரம் திறக்கவில்லை. பிறகு வீக்கம் வடிந்தது, நிறம் மாறியது, கண் பழையபடி திறந்தது. பார்க்க ஒரு குறையும் இல்லை. ஊர் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் தொடங்கியது. எங்கள் கொட்டகையில் உள்ளூர் அணி முதல் பாதியை வடக்கு முனையிலும், இரண்டாம் பாதியைத் தெற்கு முனையிலும் ஆடுவது வழக்கம். கோல் நடுவர்கள் முனை மாறுவதில்லை. வடக்கு முனையில் ஓவிலா நான்கும் ஐந்தும் கோல் வாங்குவார். இடைவேளை முடிந்து என் முனைக்கு வந்தால் ஆள் மாறிவிடுவார், ஒன்று புகுந்தால் அதிகம். "ஓவிலா தூங்கி எழ அரைமணி ஆகும்" என்று ஊர் கேலி பேசியது. வெளியூர் ஆட்டங்களில் ஒன்பது, பத்து என்று வாங்கினார். ரயில் பயணம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நானும் அதையே கடையில் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவெட்டுகிறவனுக்குத் தெரியாதது எது என்று ஒரு திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். சில வாரமாக அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்ததைக் கவனித்திருந்தேன். மற்றவர்கள் என் நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிவிடுவார்கள். இவர் மூடமாட்டார். கத்தி போகும் இடமெல்லாம் கண் கூடவே போகும், கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருக்கும். அன்று வலது கன்னம் முடிந்து, இடது பக்கம் போக, அவர் தலைக்கு மேலாகக் கத்தியைக் கொண்டு சென்றேன். கத்தியின் முனை அவருடைய இடது இமைக்கு அரை விரல் தூரத்தில் போனது. தவறியது என் கைதான். அவர் இமைக்கவே இல்லை.

கத்தியை அங்கேயே நிறுத்தினேன். மெல்ல இன்னும் கிட்டே கொண்டுபோனேன். இமை அசையவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன்.

"எப்பலேருந்து ஓவிலா?"

"என்னது எப்பலேருந்து?"

"நான் இப்ப கத்தியை எங்க வச்சிருந்தேன், சொல்லு பாப்போம்."

முகத்தில் பாதி சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. "ஜனவரிலேருந்து" என்றார். "முதல்ல மங்கலா ஏதோ தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல. எக்ஸில்டாவுக்குக்கூடத் தெரியாது."

எக்ஸில்டா அவர் மனைவி. அவளுக்குத் தெரியாது என்பது அவருடைய நினைப்பு. முந்தின வாரம்தான் அவள் என் கடை வாசலில் நின்று, "டீயைக் கோப்பைக்குள்ள ஊத்த மாட்டேங்குறாரு கத்திக்காரரே, மேசையில ஊத்துறாரு. விளிம்புல விரலை வச்சுக்கிட்டு ஊத்துறாரு. குடிக்கிறாரான்னு பாருங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். குடி என்றே அவள் நம்ப விரும்பினாள் என்று இப்போது தோன்றுகிறது.

"பியர்ட்மோர்கிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா நாளைக்கே ரயில் ஏத்திடுவான். கடைசி ஆட்டம் முடிஞ்ச மறுநாள் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடறதா பேச்சு. ஆத்துல கட்டை ஓட்ட ஒத்தைக்கண்ணனை எவன் சேப்பான்? சுரங்கத்துல சேப்பானா? காசில்லாம ஆடறவங்க ஆயுசுக்கும் தள்ளி வச்சாச்சு. இன்னும் மூணு ஆட்டம், கத்திக்காரரே. மூணே மூணு."

"இன்னொரு கண்ணும் போச்சுன்னா?"

"போகாது."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"காது இருக்குல்ல."

மட்டை வட்டில் படும் ஓசையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மீதிக் கன்னத்தை மழித்துவிட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து ஆட்ட நாட்களில் எனக்கும் ஒரு கரி வாளி தேவைப்பட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது வட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, அவருடைய இடது காதுக்கு முன்னால் காற்றில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வட்டு வந்து பட்டால் என்ன ஆகும் என்று என் பல்லைக் கேட்டால் சொல்லும். அந்த மூன்றில் இரண்டு ஆட்டம் ஒன்றும் ஆகாமல் போயின.

கடைசி ஆட்டம் மார்ச் மாதம், டன்மோரோடு. அவர்கள் ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் மதியமே வைத்தார்கள். அதுதான் வினை. நான்கு நாளாக வெயில் அடித்துப் பனி இளகிக்கொண்டிருந்தது. கொட்டகையின் தகரக் கூரை சொட்டியது. ஐஸின் மேல் இரண்டு விரல் தண்ணீர். அதிலிருந்து புகை மாதிரி எழுந்து முழங்கால் உயரத்துக்கு மூட்டமாக நின்றது. வழக்கமாக நான் கம்பளிப் பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் பட்டையைக் கட்டிக்கொள்வேன், வழுக்காமல் இருக்க. தண்ணீரில் கம்பளி நனைந்து கால் விறைத்துப்போகுமே என்று, அன்று காலைதான் கடைவீதியில் புது ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். அடியில் வரிவரியாக இருந்தது, வழுக்கவில்லை. ஓசையும் இல்லை. நல்ல சாமான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் பாதியில் வடக்கு முனையில் ஓவிலா நான்கு வாங்கினார். எங்கள் ஆட்கள் மூன்று போட்டார்கள். "தூங்கட்டும், தூங்கட்டும், இப்ப எழுந்துடுவான்" என்று கூட்டம் சிரித்தது. இடைவேளை முடிந்து அவர் என் முனைக்குச் சறுக்கிக்கொண்டு வந்தார். கம்பத்தைத் தொட்டார். கோடு கிழித்தார். தண்ணீருக்கடியில் பள்ளம் விழுந்ததா என்று காலால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து மட்டையை ஊன்றி, எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றார். நான் வழக்கம்போல வலைக்குப் பின்னால் இடதும் வலதுமாக இரண்டு அடி நடந்து பார்த்துக்கொண்டேன்.

சட்டென்று திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இரும்பு எங்க?"

நான் பதில் சொல்லக்கூடாது. சத்தியம் அப்படி. ஆனால் விசில் இன்னும் ஊதவில்லை. "தண்ணியா இருக்கேன்னு ரப்பர் போட்டுக்கிட்டேன்" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போனது. "ஐயோ கத்திக்காரரே" என்றார், அவ்வளவுதான். விசில் ஊதிவிட்டார்கள்.

எனக்குப் புரியச் சில நிமிடங்கள் ஆயின. அவருடைய அகலமான முதுகு எனக்கு முன்னால் எப்போதும் மறைக்கும். கோட்டைப் பார்க்க நான் ஆட்டம் போகும் பக்கமெல்லாம் நகர்ந்தாக வேண்டும். ஆட்டம் இடது பக்கம் போனால் இடது பக்கம் நகர்வேன், வலது என்றால் வலது. இரும்பு முள் ஐஸில் நறுக் நறுக்கென்று நொறுங்கும். ஜனவரியிலிருந்து அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது மட்டையை அல்ல, என் காலை. வடக்கு முனை நடுவர் கிழவர், ஒரே இடத்தில் மரப்பலகை மேல் நிற்பவர். அதனால்தான் அங்கே தூக்கம், இங்கே விழிப்பு. இரண்டு மாதமாக ஊரையே ஏமாற்றியதில் பாதிப் பங்கு என் பூட்ஸுக்கு இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போனது.

புரிந்துகொண்டிருக்கும்போதே இடது பக்கத்திலிருந்து ஒரு அடி வந்தது. தண்ணீரில் மட்டையின் ஓசை சப்பென்று அமுங்கிவிட்டது. வட்டு அவர் இடது தோளில், கழுத்துக்கு நாலு விரல் கீழே பட்டு மேலே எகிறி விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. என்ன அருமையான தடுப்பு என்று நினைத்தார்கள். அவர் தடுக்கவே இல்லை. வட்டு அவரைக் கண்டுபிடித்திருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். இருட்டறையில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தவன் திரும்புகிற திருப்பல் அது.

இரும்பு முள் தெருவுக்கு அந்தப் பக்கம், என் கடையின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் நடுவே மணியை வைத்துவிட்டுப் போக முடியாது. டன்மோரின் ரோவர் டெவ்லின், ஏழு பேரில் தனக்கென்று ஓர் இடமில்லாமல் மைதானம் முழுக்கத் திரிகிறவன், மறுபடி இடது பக்கமாக வந்துகொண்டிருந்தான்.

"இடது" என்றேன்.

இவ்வளவு எளிதாகச் சத்தியம் உடையும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஓவிலா இடது பக்கம் தாவினார். வட்டு கால்காப்பில் மோதி நின்றது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. "வலது. நடுவுல. இடது. இடது." உதட்டை அசைக்காமல், மணியை மார்போடு அணைத்துக்கொண்டு, முணுமுணுத்தேன். கூட்டத்தின் கூச்சலில் இரண்டு அடி தாண்டி யாருக்கும் கேட்காது. எங்கள் ஆட்கள் இதற்குள் நான்காவது கோலைப் போட்டுச் சமப்படுத்திவிட்டார்கள். மேனேஜர் பியர்ட்மோர் தடுப்புப் பலகை மேல் ஏறி நின்று தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். பந்தயம் கட்டியவர்கள் வேட்டைநாய்கள் மாதிரி ஓரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். நான் பேசுவது அவர்களில் ஒருவனுக்குத் தெரிந்தால் அன்று நான் வீட்டுக்கு நடந்து போக முடியாது.

கடைசிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வட்டு வலை ஓரத்தில் சிக்கி ஆட்டம் நின்றது. டெவ்லின் மெதுவாக வலையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"யார்கிட்ட பேசுறீங்க, கத்திக்காரரே?"

"ஜெபம் பண்றேன்."

"இடது வலதுன்னு ஜெபமா? எந்தக் கோயில்ல இது?"

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு ஓவிலாவின் இடது பக்கமாகப் போய், குனிந்து ஸ்கேட் கயிற்றைச் சரிசெய்கிறவன் மாதிரி நின்று, கையுறையை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மேலும் கீழும் ஆட்டினான். ஓவிலா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சின் ஆவி மட்டும் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

டெவ்லின் கையை இறக்கினான். அவனுடைய முகத்தில் சிரிப்பில்லை. அவனும் காசுக்கு ஆடுகிறவன், அவனுக்கும் இரண்டு கண்தான். ஒரு கணம் அவன் யாரிடமாவது போய்ச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தன் இடத்துக்குப் போனான். சொல்லாததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

கடைசி இரண்டு நிமிடத்தில் வந்தான். வலது பக்கமாகப் பாதி மைதானம் வந்து, என் "வலது" வாயை விட்டு வெளியேறியதும், ஒரே இழுப்பில் இடது பக்கம் வெட்டினான். அப்படி வெட்டும்போது அவன் வட்டைப் பார்க்கவில்லை, வலையைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தான். பேசு பார்க்கலாம் என்கிற பார்வை. நான் "இடது" என்று சொல்லவில்லை. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். என் தோலைப் பற்றி நினைத்தேன். அவர் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை.

மட்டை தண்ணீரை வாரி இறைத்தது. வட்டு ஓவிலாவின் இடது காதை ஒட்டி, குல்லாயின் கம்பளியை உரசிக்கொண்டு போய், வலையின் மேல் கயிற்றில் பட்டு, அவர் இடது குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் தண்ணீரில் விழுந்து அமிழ்ந்தது.

மூட்டத்திலும் தெறித்த தண்ணீரிலும் வட்டு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "எங்க? வட்டு எங்க?" என்று பியர்ட்மோர் கத்தினார். இரண்டு அணியும் நின்றுவிட்டன. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. வட்டு இருக்கும் இடம் எனக்கும் டெவ்லினுக்கும் மட்டும் தெரியும். அவன் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சு வாங்கியபடி காத்திருந்தான்.

ஓவிலா இன்னும் குனிந்தே நின்றார். மட்டை ஊன்றியபடி, வலது பக்கம் பார்த்து, வரப்போகும் அடிக்காக உடம்பை முறுக்கிக்கொண்டு. திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

"எந்தப் பக்கம், கத்திக்காரரே?"

நான் மணியடிக்காமல் இருந்திருந்தால் கோல் இல்லை. காலால் வட்டை வலைக்கு வெளியே தள்ளியிருக்கலாம், மூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. ஆட்டம் சமமாகப் போயிருக்கும், மறுநாள் பியர்ட்மோரின் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இன்னும் இரண்டு வருடம் இப்படியே குனிந்து நின்று, ஊர் ஊராக, டெவ்லினுக்குத் தெரிந்தது ஒவ்வொருவனுக்கும் தெரிந்துகொண்டே போக, வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அடுத்தது காதை ஒட்டிப் போகும் என்று எவன் உத்தரவாதம் தருவான்? சத்தியத்துக்காக நான் மணியை ஓங்கவில்லை, சத்தியம் அதற்கு முன்பே போய்விட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் அடித்தேன்.

மணி அவ்வளவு சத்தமாக எனக்கு ஒருபோதும் கேட்டதில்லை.

அப்போதும் அவர் உடனே திரும்பவில்லை. முதலில் வலது தோளுக்கு மேலாகப் பார்த்தார். அங்கே இல்லை. முழு உடம்பையும் சுற்றித் திருப்பித்தான் இடது பக்கத்துக்கு வர முடிந்தது. அவர் தேடுவதைக் கொட்டகை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு என்று கத்துகிறவர்கள், பந்தயம் கட்டியவர்கள், பியர்ட்மோர், மாடிப் பலகையில் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற எக்ஸில்டா. பியர்ட்மோர் ஆட்டிக்கொண்டிருந்த தொப்பி கீழே இறங்கியது. "அடப்பாவி, அவனுக்குத் தெரியவே இல்லையே" என்று யாரோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

வட்டைக் கண்டதும் குனிந்து எடுத்து, தண்ணீரை உதறி, டெவ்லினிடம் நீட்டினார். டெவ்லின் வாங்கிக்கொண்டான், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் ஆட்டம் பாக்கி இருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கோலி நிமிரட்டும் என்று காத்திருந்தார்.

ஓவிலா நிமிரவில்லை. ஸ்கேட்டின் பக்கவாட்டால் இளகிய ஐஸை வாரி, இடது கம்பத்தின் அடியில் கிழித்திருந்த கோட்டில் தள்ளி, மேலே மிதித்து மட்டமாக்கினார். பிறகு வலது கம்பத்தின் பக்கம் போய், அந்தக் கோட்டையும் தூர்த்தார்.